குங்குமத்துக்குக் கூப்பிடும் தெரு

மைசூரில் எங்கள் லேஅவுட்டில் யார் வீட்டுக்கும் சும்மா போய்விட்டுச் சும்மா திரும்ப முடியாது. இரவல் வாங்கிய மிக்சி ஜாரைத் திருப்பிக் கொடுக்கத்தான் போயிருப்பேன். வீட்டில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருக்கும். வாசலைத் தாண்டப் போகும் நேரம் பார்த்து "இரி, குங்குமா தகொண்டு ஹோகி" என்று பக்கத்து வீட்டு நாகரத்னம்மா உள்ளே ஓடுவார். இருங்கள், குங்குமம் வாங்கிக்கொண்டு போங்கள் என்கிறார். வீட்டுக்கு வந்த சுமங்கலி குங்குமம் வாங்காமல் போகக் கூடாதாம். இரண்டு சின்ன வெள்ளிக் கிண்ணங்களோடு வந்து நிற்பார், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் குங்குமம். நானோ நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். பிறந்ததிலிருந்து நெற்றியில் பொட்டு வைத்தவளில்லை. முதல் தடவை திருதிருவென்று விழித்தேன். என் சங்கடத்தைப் பார்த்து, நெற்றி வேண்டாம், தாலியில் தொட்டு வைத்துக்கொள் என்று அவரே வழி சொன்னார். அன்றிலிருந்து என் தாலிச் செயினில் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஊருக்குப் போகும்போது மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு ரயில் ஏறுவேன்.

போன ஆவணியில் என் தங்கை எஸ்தர் வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் பைக் விபத்தில் போய் இரண்டு வருடம் ஆகிறது. மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எஸ்தருக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. எங்கள் எதிர்வீட்டு மாடி காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"யக்கா, உண்மையச் சொல்லு. இது நல்ல ஏரியாவா? நான் இங்க இருக்கலாமா?"

நான் பள்ளிக்கூட டீச்சர். கேள்வி கேட்டால் பதிலை வரிசையாக அடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காவிரித் தண்ணீர் வருகிறது, பஸ் தெருமுனையிலேயே நிற்கிறது, தமிழ் ஆராதனை நடக்கும் சர்ச்சுக்கு ஸ்கூட்டரில் போய்விடலாம், பார்க்கில் பெண்கள் தனியாக நடக்கலாம் என்று அளந்து விட்டேன். பக்கத்தில் நாகரத்னம்மா, லிங்காயத்து. அந்தப் பக்கம் மார்வாடிக் குடும்பம். பின்னால் மலையாளிகள். முனைவீட்டில் ஹைதராபாத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஜோடி. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஐந்து வகை இனிப்பு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு அச்சுமுறுக்கு ஐந்து வீட்டுக்குப் போகும். எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன்.

அவள் கேட்டது அதையெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஊரில் எங்கள் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணம். மண்டப வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் மல்லிகைப்பூ கொடுத்துக்கொண்டு நின்றாள் எங்கள் சித்தி மகள். எனக்குக் கொடுத்தாள். எனக்குப் பின்னால் வந்த எஸ்தரைப் பார்த்ததும் பூத்தட்டு லேசாக வளைந்து அடுத்தவளிடம் போயிற்று. ஒரு வார்த்தை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. ஜெபக்கூட்டத்தில் விதவைகளுக்காக உருகி உருகி ஜெபம் பண்ணுகிறவள் அவள்! எஸ்தர் சின்ன வயதில் பூ இல்லாமல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிப்பாள். அன்று மண்டபத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு என் தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறியலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி நோன்பு. காலையிலேயே நாகரத்னம்மா கேட்டருகில் வந்து நின்றார். "சாயங்கால குங்குமக்கே பன்னி. நிம்ம தங்கீனூ கர்க்கொண்டு பன்னி."

சாயங்காலம் குங்குமத்துக்கு வாருங்கள், தங்கையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறார். அந்தக் குங்குமம் சுமங்கலிகளுக்கு உரியது. இந்துப் பெண்ணாக இருந்தால் நெற்றியைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார். எங்கள் நெற்றி புருஷன் இருந்தாலும் காலி, இல்லாவிட்டாலும் காலி. எஸ்தர் கழுத்தில் மெல்லிசாக ஒரு செயின் வேறு கிடக்கிறது. எனக்குள்ள வழக்கம்தான் அவளுக்கும் என்று நினைத்துவிட்டார். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

உள்ளே வந்து, "நீ வராண்டாம், தலைவலின்னு சொல்லிருதேன். இல்லன்னா ஒண்ணும் பேசாம வாங்கிட்டு வந்துரு, யாருக்குத் தெரியப் போவுது" என்றேன்.

எஸ்தர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்குப் பொய் சொல்லிட்டுக் குடிவந்தா, அப்புறம் வருசம் பூரா பொய் சொல்லணும்லாக்கா. நான் வாரேன். சொல்லிட்டு வாங்குதேன். குடுக்கலன்னா இந்த வீடும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம்."

அவள் சொன்னது சரிதான். இந்தத் தெருவில் பெண்களின் சிநேகம் முழுக்க அந்த இரண்டு கிண்ணங்களைச் சுற்றித்தான் ஓடுகிறது. கொலு, கௌரிப் பண்டிகை, சீமந்தம் எல்லாமே குங்குமத்துக்குக் கூப்பிடுவதில்தான் ஆரம்பம். கிறிஸ்தவளான என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று பீற்றிக்கொண்டிருந்தேனே, கூப்பிடாமல் விட்டவர்கள் யார் யார் என்று ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

சாயங்காலம் போனோம். கலசத்துக்குப் பட்டுடுத்தி, தேங்காயில் அம்மன் முகம் பதித்து, கூடம் முழுக்க பூவும் சாம்பிராணியுமாக இருந்தது. ஜமக்காளத்தில் மார்வாடி அம்மாவும் ஹைதராபாத் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். நாகரத்னம்மா ஒவ்வொருவராகக் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்குக் கொடுத்துவிட்டு எஸ்தரிடம் கிண்ணத்தை நீட்டினார்.

எஸ்தர் கையை நீட்டவில்லை. "ஆன்ட்டி, எங்க வீட்டுக்காரர் தவறிட்டாங்க. ரெண்டு வருசமாச்சு. எனக்குக் குடுக்கலாமா?"

நாகரத்னம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். நீட்டிய கை அப்படியே நின்றது. மார்வாடி அம்மா ஃபேனை அண்ணாந்து பார்த்தார். நாகரத்னம்மா எஸ்தரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்பது போல. பிறகு கிண்ணங்களை டீப்பாயில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் எழுந்தேன். எஸ்தர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பி வந்தவர் கையில் மைசூர் மல்லிகை, ஒரு முழத்துக்கு மேலேயே இருக்கும். மற்றவர்களுக்கு அதில் பாதிதான். "பூ சின்ன மகு... குழந்தையிலேர்ந்தே வைக்கிறோம் அல்லவா? அது அம்மா வைச்ச பூ. கண்ட... புருஷன் போனா அது யாக்கே போகணும்?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, தானே எஸ்தரின் பின்னால் போய் நின்று தலையில் வைத்துவிட்டார். தாம்பூலப் பையும் கொடுத்தார். குங்குமக் கிண்ணம் டீப்பாயிலேயே இருந்தது. அப்படியென்றால் குங்குமம் மட்டும் கல்யாணத்தோடா வந்தது என்று கேட்க என் வாத்தியார் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினேன். "அந்தக் கிண்ணத்த அப்படியே டீப்பாயில வச்சிட்டாங்களே, பாத்தியா?"

"நமக்குக் குங்குமம் எதுக்குக்கா? நாம என்னைக்கு வச்சோம்?" என்றாள் எஸ்தர். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பூதான் வச்சிக்கிட்டிருந்தேன். நம்ம ஆளுவ அதத்தான பிடுங்குனாவ."

நாகரத்னம்மா தன்னால் முடிந்தவரைக்கும் வந்தார், அதற்கு மேல் வரவில்லை. வந்த தூரம் எங்களுக்கு வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. இதை நல்ல ஏரியா என்பதா, பாதி நல்ல ஏரியா என்பதா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் எஸ்தரின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவள் மாமியார், வீடியோ காலில். எஸ்தர் சட்டென்று ஹேர்பின்னை உருவிப் பூவை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் போனைத் தூக்கினாள்.

"வீடு பாத்தியா? நல்ல ஏரியாதானா? நம்ம ஆளுவ இருக்காவளா?"

"இருக்காவ அத்தை. பக்கத்து வீட்லயே இருக்காவ. ஞாயித்துக்கிழம வீட்டு ஓனர்ட்ட சரின்னு சொல்லிருதேன்."

பேசி முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஹேர்பின்னைத் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

"இந்தாக்கா. நல்லா இறுக்கிக் குத்து."