ரோஜருக்குத் தமிழ் தெரியாது

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்லப்போவது மட்ட மத்தியானத்தில் நடந்தது. அதுவும் தூத்துக்குடி உப்பளத்தில். உப்பில் பட்டுத் திரும்பி அடிக்கிற வெயிலில் கண்ணைத் திறப்பதே பெரும்பாடு, இருட்டுக்கு அங்கே ஏது இடம்? அதனால் அந்தப் பழமொழியைத் தூக்கிக்கொண்டு யாரும் என்னிடம் வராதீர்கள்.

இன்னொன்று, நான் சாத்தான்குளத்தில் பிறந்தவன். ஊர்ப் பெயரிலேயே சாத்தானை வைத்துக்கொண்டு பேய்க்குப் பயந்தால் வெளியூர்க்காரன் சிரிக்கமாட்டானா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவேன், மற்ற நாளெல்லாம் ஹார்பரில் கன்டெய்னர் டெலிவரி பார்ப்பேன். யாராவது பேய்க்கதை சொன்னால் நடுவிலேயே எழுந்து போய்விடுவேன். நீங்களும் போகலாம். போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள்.

என் மனைவி எஸ்தருக்கு ஒரே அண்ணன், செல்வின். கப்பலில் இன்ஜினியர். கையில் காசு சேர்ந்தால் மனிதர்கள் வீடு கட்டுவார்கள், இவர் ஜெர்மன் ஜாதி வேட்டை நாய் வாங்கினார். பழுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளி, தொங்கு காது. பெயர் ரோஜர்.

"ஆல்ரவுண்டர் மாப்ள இது! மோப்பம் புடிக்கும், பொதருக்குள்ள பறவ இருந்துச்சுன்னா ஒத்தக் கால தூக்கிட்டு செல மாதிரி நின்னு காட்டும், தண்ணிக்குள்ள விழுந்தாலும் நீந்திப் போயி எடுத்துட்டு வந்துரும். ஆனா ஒண்ணு, இங்கிலீஷ்லதான் பேசணும். தமிழ்ல பேசுனா கமாண்ட் கெட்டுரும்."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் கப்பலேறிப் போய்விட்டார். நாய் எங்கள் வீட்டில்.

ரோஜர் என்ன செய்தது தெரியுமா? சாப்பிட்டது. குரைக்காது, கடிக்காது, மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் தாண்டக்கூடச் செய்யாது, சுற்றிக்கொண்டு வரும். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது பொதுவாக நாய்களுக்குச் சொன்னது, ரோஜருக்கு நிற்கவும் படுக்கவும் நிறைய நேரம் இருந்தது.

லீவில் வரும்போதெல்லாம் செல்வின் வேட்டைக்குக் கிளம்புவார். காட்டுப் பறவை மேல் கைவைத்தால் பாரஸ்ட்காரர்கள் தூக்கி உள்ளே போட்டுவிடுவார்கள் இல்லையா, அதனால் துப்பாக்கி கிப்பாக்கி எதுவும் கிடையாது. பண்ணைக் காடையை உயிரோடு காசு கொடுத்து வாங்குவார், உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற உடங்காட்டில், அதாவது உடைமுள் புதருக்குள் கொண்டுபோய் விடுவார். அதை நாய் கண்டுபிடித்து வாயில் நோகாமல் கவ்விக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான் வேட்டை.

"வாங்குன காடைய நேரா சட்டியில போட்டா என்ன?" என்று எஸ்தர் கேட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

முதல் தடவை ஒரு காடை ரோஜரின் மூக்குக்குக் கீழேயே நடந்து போனது. ரோஜர் கொட்டாவி விட்டது. அடுத்த தடவை புன்னைக்காயல் பக்கம் கொண்டுபோனோம், வலை பின்னிக்கொண்டிருந்தவரின் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தது. அவரிடம் நாங்கள் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

போன லீவின் கடைசியில் செல்வின் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "மாப்ள, கொடைக்கானல்ல எஸ்டேட்காரர் ஒருத்தர் கேக்காரு. நாளைக்குக் கடைசியா ஒரு சான்ஸ். ஒரு காடையாவது புடிக்கலேன்னா குடுத்துருவேன்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லிப் புலம்புகிற ஆள் நான் இல்லை. ஆனால் ஹார்பர் புழுதியோடு வீட்டுக்கு வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று வாலை ஆட்ட ஒரு ஜீவன் இருந்தது. அதைப் போய் கொடைக்கானல் குளிருக்கு அனுப்புவதா? ராத்திரி ரோஜரை உட்காரவைத்து, "ஏலே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் மானத்தக் காப்பாத்துல" என்று கெஞ்சினேன். தமிழில் சொன்னதால் அதற்குப் புரிந்திருக்காது.

விடிகாலையில் போவதாகத்தான் பேச்சு. செல்வின் பெட்டி கட்டி, காடைக் கடை திறந்து, நாங்கள் போய்ச் சேரும்போது சரியான உச்சி வேளை. அவரும் நாயும் காரில், ஆபீசுக்குப் போகவேண்டும் என்று நான் ஸ்கூட்டரில். சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. உப்பள வேலைக்காரர்கள் காலையிலேயே முடித்துப் போயிருந்தார்கள். தூரத்தில் ஹார்பர் கிரேன்கள் மட்டும் கானலில் ஆடிக்கொண்டு நின்றன. காடைகளைப் புதருக்குள் விட்டோம். ரோஜர் காரின் நிழலில் படுத்துக்கொண்டது.

"கோ ரோஜர்! செர்ச்!" என்று செல்வின் கத்தினார். ரோஜர் வாலை ஒரு தட்டுத் தட்டியது. நான் உள்ளுக்குள் ஜெபம் பண்ணினேன், சத்தியமாகச் சொல்கிறேன், நாய்க்காக ஜெபம் பண்ணினேன்.

அப்போதுதான் கேட்டது. "ஏலே மூக்கா. எந்திரில."

ரோஜர் சடாரென்று எழுந்தது.

செல்வின் என் பக்கம் திரும்பி முறைத்தார். "என்ன மாப்ள, நாய்ட்ட தமிழ்ல பேசுதிய? எத்தன தடவ சொல்லிருக்கேன்!"

"நான் வாயே தொறக்கல மச்சான். நீங்கதான்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு அத மூக்கான்னு கூப்புடுதேன்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் ரோஜர் உடங்காட்டின் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, மூக்கையும் வாலையும் ஒரே கோடாக நீட்டி, அப்படியே நின்றது. செல்வினுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "பாத்தியளா மாப்ள, பாத்தியளா!"

"பொறுல... ம், புடி." மறுபடியும் அதே குரல். வயதான குரல். பக்கத்தில் நின்று பேசுவதுபோல அவ்வளவு நிதானம். ரோஜர் பாய்ந்தது, காடையோடு வந்தது. இப்படியே நாங்கள் விட்ட காடை எல்லாவற்றையும் ஒரு சிறகு கசங்காமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. எங்களிடம் இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மொட்டை உடைமரம், அதன் அடியில் ஆளில்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தது. வைத்துவிட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். தடவிக் கொடுத்தால் நாய்க்குக் காது பின்னால் படியும் இல்லையா, அந்தத் தொங்கு காது இரண்டும் அப்படிப் படிந்தன. அங்கே எந்தக் கையும் இல்லை. நம்பினால் நம்புங்கள்.

கடைசியாக ஒருமுறை தானாக உள்ளே போய்த் திரும்பியது. வாயில் இருந்தது காடை இல்லை, கௌதாரி. நாங்கள் விடாத கௌதாரி. செத்திருந்தது, ஆனால் சூடு ஆறவில்லை. நெஞ்சில் பொடிப் பொடியாகத் துப்பாக்கி ரவை பாய்ந்த துளைகள். வெடிச் சத்தம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

செல்வின் மூஞ்சி வெளுத்துப்போய்விட்டது. பேய்க்குப் பயந்து என்று நினைக்காதீர்கள். "மாப்ள, பாரஸ்ட்காரன் பாத்தான்னா ரெண்டு பேருக்கும் ஜெயில் களிதான்! நாளைக்கு நான் கப்பல் ஏறணும்!" என்று கையாலேயே குழி தோண்டினார். இரண்டு பேருமாகப் புதைத்தோம். அந்த இளகிய மண்ணில் எங்கள் செருப்புத் தடம் இருந்தது, நாயின் தடம் இருந்தது. மரத்தடியில் வேறு தடமே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் அவசரமாக ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

ரோஜர் காரில் ஏறமாட்டேன் என்றுவிட்டது. ஆபீசாவது ஒன்றாவது, நான் வீட்டுக்கே வண்டியை விட்டேன். வீடு வரைக்கும் ரோஜர் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஓடிவந்தது. காரில் வந்த செல்வின் வீட்டு வாசலில் இறங்கியதும் மெதுவாகச் சொன்னார். "மாப்ள, வழி பூரா அது ஒங்க பின்சீட்டையேதான் பாத்துட்டு வந்துச்சு."

கொடைக்கானல் பேச்சு அதோடு நின்றது. நாய் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றாகிவிட்டது. மறுநாள் செல்வின் கப்பலேறினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லவேண்டியதில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வந்தேன். கேட்டைத் திறந்ததும் ரோஜர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது, பாதி வழியில் நின்றுவிட்டது. ஒற்றைக் காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, என் ஸ்கூட்டரின் பின்சீட்டைக் காட்டியது. திரும்பிப் பார்த்தேன். சீட் காலி.

"ஏளா, இங்கன வந்து பாரு" என்று எஸ்தரைக் கூப்பிட்டேன்.

அவள் கரண்டியோடு வந்து பார்த்தாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டு. "பின்னால யாரோ இருக்காவ போல. வெயில்ல எவ்வளவு நேரந்தான் இருப்பாவ, உள்ள வரச் சொல்லுங்க!" என்று சிரித்தாள்.

ரோஜரின் மூக்கு அசைந்தது. பின்சீட்டிலிருந்து படிக்கு, படியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து ஹாலில் கிடக்கிற பச்சை பிளாஸ்டிக் நாற்காலிக்கு. மெல்ல, ஒரு வயதானவர் நடக்கிற வேகத்தில். எஸ்தரின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் நாங்கள் உட்காருவதில்லை. சபை ஐயரை, அதாவது எங்கள் சர்ச் பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபம் வைத்தோம். பாவம், அவருக்கு விவரம் தெரியாது, நேராகப் போய் அதில் உட்காரக் குனிந்தார். பிறந்ததிலிருந்து குரைக்காத ரோஜர் ஒரு உறுமல் உறுமியது பாருங்கள்! ஐயர் நின்றுகொண்டே ஜெபத்தை முடித்தார், காப்பிகூடக் குடிக்கவில்லை.

இன்னொரு விஷயம். ரோஜர் என்று கூப்பிட்டால் இப்போது அது திரும்புவதே இல்லை. மூக்கா என்றால்தான் வருகிறது.

போன வாரம் செல்வின் கப்பலிலிருந்து போன் பண்ணினார். "மாப்ள, அந்த எஸ்டேட்காரர் திரும்பவும் கேக்காரு. பழகுன நாய்தான, குடுத்துருவமா?"

"முடியாது மச்சான்" என்றேன். "சொந்தக்காரரு சம்மதிக்க மாட்டாரு."

"என்ன மாப்ள வெளையாடுதிய? சொந்தக்காரன் நான்லா?"

நான் போனைக் காதில் வைத்தபடியே ஹால் பக்கம் திரும்பினேன். நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மூக்கனின் காதுகள் இரண்டும் மெல்லப் பின்னால் படிந்தன.