லோடு பாட்டு

தூத்துக்குடி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்த ராஜதுரைக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரே நம்பியது. அவரும் அதை மறுக்காததுதான் வம்பு. கப்பலிலிருந்து எத்தனை மூட்டை இறங்கிற்று, எத்தனை கிழிசல், எத்தனை நனைந்தது என்று எழுதுகிற அளவுக்கு அவருக்கு இங்கிலீஷ் வரும். அதற்கு மேல் யாராவது பேசினால் "எஸ் சார், எஸ் சார்" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்.

மற்றபடி நல்ல மனிதர். கிராமபோன் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சாக்குக்கடை நயினாரின் மாடியில் நாலு பேர் கூடுவார்கள்: கடைக்கார நயினார், தமிழ்ப் பண்டிதர் சக்ரபாணி, தோணி ஓட்டும் தண்டல் சிலுவை, அப்புறம் நம் ராஜதுரை. ஆளுக்கொரு பிளேட்டு கொண்டுவந்து போட்டுக் கேட்பார்கள். சிலுவைக்கு மட்டும் விலக்கு. அவனிடம் பிளேட்டு கிடையாது, காதுதான் இருந்தது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, முடிந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொல்வான். அது பெரும்பாலும் சரியாக இருந்துவிடும். ராஜதுரைக்கு அதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு.

யுத்தம் முடிந்த வருஷம் கோதுமையோடு ஓர் அமெரிக்கக் கப்பல் வந்தது. ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் கரையைவிட்டுத் தள்ளியே நிற்கும். தோணி போய்த்தான் சரக்கை இறக்கி வர வேண்டும். அந்தக் கப்பலின் சமையல்காரர் வில்லி என்கிற கறுப்பர், ஆறடிக்கு மேல் உயரம். ராஜதுரை கொடுத்த மக்ரூன் டப்பாவை நின்ற இடத்திலேயே காலி பண்ணிவிட்டு, பதிலுக்கு ஒரு பிளேட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். நெஞ்சில் கை வைத்து என்னவோ வெகுநேரம் சொன்னார். ராஜதுரை "எஸ் சார், எஸ் சார்" என்றார். ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கலாம். சொல்லச் சொன்னால் கிளார்க்குக்கு இங்கிலீஷ் தெரியாது என்றல்லவா ஆகிவிடும்!

பிளேட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதம் கடல்காற்றில் உரிந்துபோயிருந்தது. பாட்டின் பெயரும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை. ஒரு பெண் இழுத்துப் பாடுவாள், பின்னால் பத்துப் பேர் சேர்ந்து பதில் சொல்வார்கள். நயினாரின் மாடியில் அது முதல் தடவை ஓடியபோது வாயில் போட்ட வெற்றிலையைக்கூட யாரும் மெல்லவில்லை.

"என்னவே அர்த்தம்?" என்றார் நயினார்.

அர்த்தத்துக்கு ராஜதுரை எங்கே போவார்? ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. லோடு. அவர் தினமும் நூறு தடவை எழுதுகிற சொல் அது.

"அமெரிக்காவுல மூட்டை தூக்குதவன் பாட்டுவே இது. லோடு, லோடுங்கா பாரும். அவ 'ஏத்துலே, எறக்குலே'ன்னு பாடுதா, ஆம்பளையெல்லாம் தூக்குதான்."

நயினார் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் ராஜதுரை ருசி கண்டுவிட்டார். அடுத்த வாரம் அதே பாட்டைப் போட்டு, முதுகில் மூட்டை இருப்பதுபோலக் குனிந்து, இடுப்பை ஆட்டி நடந்தே காட்டினார். பண்டிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிலுவை சிரிக்கவில்லை. அவனுடைய தாய் இறந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு இது ஜெபம் மாதிரில்லா கேக்குது," என்றான் தயங்கித் தயங்கி. "செத்தவுகளுக்குக் கோயில்ல படிப்போம்லா, அது கணக்கா. எங்க ஆத்தாவுக்கு முப்பதாம் நாளு வருது. வீட்டுல ஜெபம் முடிஞ்சதும் இதை ஒருக்க போட்டுக்கிடட்டா?"

"ஏலே, மூட்டை தூக்குத பாட்டையா ஆத்தாவுக்குப் போடப்போற? உங்க ஆத்தா என்ன, கோதுமையா?" என்றார் ராஜதுரை.

மாடியே அதிர்ந்தது. சிலுவையும் மற்றவர்களுக்காக லேசாகச் சிரித்துவைத்தான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. யாரும் கேட்காமலே, "தோணி வேலை இருக்கும்" என்றார் ராஜதுரை.

பாட்டு மாடியோடு நிற்கவில்லை. நயினார் கடை ஆட்கள் வாயில் ஏறி, துறைமுகத்துக்குப் போயிற்று. மூட்டைக்குக் கை கொடுக்கும்போது ஒருவன் "லோ...டு" என்று இழுப்பான், மற்றவர்கள் அதே மெட்டில் வாங்கிக்கொள்வார்கள். ராஜதுரைக்கு அதில் பெருமை வேறு.

எட்டு மாதம் கழித்து அதே கப்பல் திரும்ப வந்தது. ராஜதுரை மேல்தட்டில் நின்று மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். கீழே தோணியில் ஆட்கள் பாட்டை எடுத்தார்கள். சமையற்கட்டிலிருந்து வில்லி மாவுக் கையோடு ஓடி வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு கூடவே பாடினார். பக்கத்தில் நின்று கேட்கும்போது அந்தச் சொல் ராஜதுரைக்குத் தெளிவாக விழுந்தது. அது லோடு இல்லை, லார்ட். சிலுவை முழங்காலில் நின்று கூப்பிடுகிறானே, அந்த ஆண்டவர்.

வில்லி இந்தத் தடவை குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். என் அம்மா. செத்துப்போனாள். புதைத்தபோது இதைத்தான் பாடினோம். பிறகு கீழே கையைக் காட்டி, இவர்களும் ஜெபிக்கிறார்களா என்று கேட்டார்.

கீழே ஒருவன் முதுகில் மூட்டையோடு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான். ராஜதுரை ஆடிக்காட்டிய அதே ஆட்டம். கண் நிறைந்திருந்த வில்லிக்கு அது தெரியவில்லை.

"எஸ் சார்," என்றார் ராஜதுரை.

சொன்ன மறுகணமே கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது. தோணியில் இறங்கியதும் ஆட்களிடம், "அந்தப் பாட்டைப் பாடாதீங்கலே" என்றார். "நீங்கதான அண்ணாச்சி சொல்லித் தந்தீக?" என்று அவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் செய்த தப்பு என்று மனசைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். தெரியாது என்பது அன்றைக்கே அவருக்குத் தெரியுமே! மனசு எப்படிச் சமாதானம் ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை தன் கிராமபோன் பெட்டியையும் அந்தப் பிளேட்டையும் தூக்கிக்கொண்டு, நயினார் கடையைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் சிலுவை வீட்டுக்கே போனார். சிலுவை உள்ளே உட்கார்ந்து தோணிப் பாயைத் தைத்துக்கொண்டிருந்தான். முகம் கறுக்காமல் "வாங்க அண்ணாச்சி" என்றான். அதுவே அவருக்குத் தாங்கவில்லை.

"சிலுவை, அது லோடு இல்லப்பா. ஆண்டவரே, ஆண்டவரேன்னு கூப்பிடுதா. ஆத்தா செத்ததுக்குப் படிக்கிற பாட்டாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாம இருந்துக்கிட்டே அன்னைக்கு உன்னைப் பாத்துச் சிரிச்சேன்."

சிலுவை ஊசியைக் கீழே வைத்தான். திட்டிவிட்டால் தேவலை என்று ராஜதுரை காத்திருந்தார்.

"என் காதுக்குத் தெரிஞ்சுது அண்ணாச்சி," என்றான் அவன். "நீங்க படிச்சவுக, தப்பாவா சொல்லுவீகன்னு நான் என் காதைத்தான் ஏசுனேன். முப்பதாம் நாளும் போயிட்டு."

"இப்பப் போடுதேன், கேளு" என்று அவர் அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்து சாவி கொடுத்தார்.

"போட்டுட்டு நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க," என்றான் சிலுவை. குரலில் கோபம் இல்லை. "நீங்க எதுக்க இருந்தா எனக்கு அந்த மூட்டை ஆட்டம்தான் ஞாபகம் வருது."

ராஜதுரை முள்ளை வைத்துவிட்டு, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வெளியே வந்து வெயிலில் நின்றார்.