சனூன் பிடித்த கடைசிக் கள்ளன்

எருக்கலம்பிட்டிச் சனூனைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் அந்த வீட்டு மோட்டாரில்தான் வந்து நிற்பார்கள். அதில் ஜின் குடியிருந்தது என்பார் ஒருவர். துரை விட்டுப்போன சாபம் என்பார் இன்னொருவர். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஜின்னும் இல்லை, சாபமும் இல்லை. நான் சனூனின் பக்கத்து வளவுக்காரன். கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கிறேன். இதற்குப் பிறகும் ஜின் கதை சொல்லுகிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

சனூன் கலப்பத்துக்காரர். தோணியின் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை வைத்து, உளியாலும் கொட்டாப்புளியாலும் இறுக்கி அடித்து, அதன்மேல் குங்கிலியம் காய்ச்சிப் பூசுவது அவர் தொழில். தண்ணீர் நுழைகிற துளைக்கு அவர் வைத்திருந்த பெயர் கள்ளன். தோணிக்குள் தண்ணீர் கண்டால் "கள்ளன் பூந்திட்டான்" என்று சாரத்தை மடித்துக் கட்டிவிடுவார். அவனைப் பிடிக்கும்வரை சோறு இறங்காது. கல்யாண வீட்டில் சோற்றுச் சஹனைச் சுற்றி இருந்தாலும் இதே பேச்சுத்தான். அவருடைய மனைவி உம்மு குல்சூம், இந்த மனிசனுக்கு என்னைவிடப் பலகையிலதான் பட்சம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பா.

கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. அவதானமும் இருந்தது. நெடுநாள் மூடிக்கிடந்த பெரிய தோணியின் அடித்தட்டில் வேலை என்றால், முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார். சுடர் சுருங்கினால் தானும் இறங்கமாட்டார், ஒருவரையும் இறங்க விடவும் மாட்டார். உள்ளே கிடக்கிற காற்று செத்த காற்று என்பார். அப்படி இறங்கி மேலே வராத ஆட்களை அவர் இளவயதில் கண்டிருந்தார்.

அவ்வளவு தோணிகளை அடைத்த மனிதரின் வீடு ஓலை வீடு. மாரி வந்தால் ஒழுகும். எங்கள் எல்லார் வீடும் ஒழுகியதுதான், ஆனால் சனூனுக்கு அந்த ஒழுக்கு இரண்டு பேரப்பிள்ளைகளைத் தின்ற ஒழுக்கு. அவருடைய ஒரே மகள் சரீபா பெற்ற முதல் பிள்ளை ஒரு மாரியில் நெஞ்சில் சளி கட்டிப் போனது. இரண்டாவதும் அதே மாதிரி, ஈரப் பாயில், இன்னொரு மாரியில் போனது. சரீபா மூன்றாவது தடவை முழுகாமல் இருக்கிறா என்று தெரிந்த அன்று, ஊர் சந்தோஷப்படாமல் எந்த மாதத்தில் பிறக்கும் என்று விரல்விட்டுப் பார்த்தது. கார்த்திகையில்தான். நல்ல மழைக்குள்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. றோட்டு வேலை பார்க்க வந்த ஒரு துரை, பழைய லொறியொன்றின் முதுகில் பலகையால் ஒரு வீடு கட்டி, அதிலேயே படுத்தெழும்பித் திரிந்தார். கட்டில், அலுமாரி, மடக்கு மேசை எல்லாம் உள்ளேயே. மேலே தகரக் கூரை. ஊருக்கு அது வீட்டு மோட்டார். எங்கள் ஊர் எல்லையில், பெருக்க மரத்தடியில், அதன் இயந்திரம் ஒருநாள் நின்றது, நின்றதுதான். துரை சீமைக்குத் திரும்பும்போது, தன் படகைப் பார்த்துக்கொண்ட சனூனுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரே சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து அவருடைய வளவில் விட்டோம். கழுதைகள் வந்து அதில் முதுகு தேய்க்கும். அதைத் தவிர அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றுதான் நினைத்தோம்.

சனூன் வேறு நினைத்தார். தரையிலிருந்து உயர்ந்த பலகைத் தளம், நாலு பக்கமும் பலகைச் சுவர். ஒழுக்கை மட்டும் நிற்பாட்டினால், பிள்ளை ஒரு துளி ஈரம் காணாமல் வளரும். பிள்ளை அதற்குள்தான் பிறக்கும் என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

ஐப்பசியின் முதல் மழைக்கு வீட்டு மோட்டார் கூடையைப் போல ஒழுகியது. உப்புக்காற்று தகரத்தைத் தின்றிருந்தது, வெயில் பலகைகளைப் பிரித்திருந்தது. சனூன் தோணி வேலைகளையெல்லாம் தள்ளிவைத்தார். தோணியை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே கீழேயிருந்து தொடங்கினார். தளம், சுவர், மூலைகள், ஆணித் துளைகள் எல்லாவற்றுக்கும் திரி, எல்லாவற்றுக்கும் குங்கிலியம். உடைந்த கண்ணாடிகளுக்குப் பதிலாகப் பலகை அறைந்தார். கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக் கண்ணாடி ஒன்றுதான் மிச்சம். கதவின் விளிம்பு முழுக்க எண்ணெய்ச் சீலை ஒட்டினார். தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்து அடிப்பார். அந்தக் கொட்டாப்புளிச் சத்தம் எங்கள் வளவு முழுக்கக் கேட்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எல்லாம் நின்றது, ஒரு கள்ளனைத் தவிர. பிள்ளைக்கு ஏணை கட்டுவதற்கென்று அவர் கொளுக்கி போட்டிருந்த இடத்துக்கு நேர்மேலே, கூரை வளையிலிருந்து ஒரு சொட்டு விழும். அந்த இடத்தை மேலேயிருந்து அடைத்தார். விழுந்தது. உள்ளேயிருந்து அடைத்தார். அப்போதும் விழுந்தது. தண்ணீர் வேறெங்கோ புகுந்து வளையோடு ஓடி வந்து இங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரியும். எங்கே என்றுதான் தெரியவில்லை. வளையில் சாம்பல் தூவித் தடம் பார்த்தார். நானும் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்துபோய்க் கூரையில் ஊற்றிக் கொடுத்தேன். கள்ளன் அகப்படவில்லை.

சரீபா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து பார்த்தா.

"வாப்பா, ஒரு சொட்டுத்தானே. ஏணையைத் தள்ளிக் கட்டுவம். விடுங்கோ."

"ஒரு சொட்டாலதான் மகள் ரெண்டு பிள்ளையும் போச்சுது," என்றார் சனூன்.

கடைசியில் தோணிக்காரரின் வழி ஒன்று அவருக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே தேங்காய் மட்டையைக் குவித்துப் புகை போட்டார். கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே நின்று பார்த்தார். தண்ணீர் போகிற வழியால் புகை வரவேண்டும். வந்தது. கூரையின் முன்பக்கத்தில், துரை ஒரு சின்னத் தகரத் தொப்பி வைத்திருந்தார். அதன் அடியிலிருந்து புகை தடித்த கயிறாக எழும்பியது.

சனூன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. ஏறிப் போய்த் தொப்பியைப் புரட்டிப் பார்த்தார். கீழே, கையை நுழைக்கக்கூடிய வட்டத் துளை. பாய்மரம் நடுகிற துளையை இப்படித்தான் தோணியில் வெட்டுவார்கள். துரைக்கு எதற்குப் பாய்மரம், மடையன் கூரையில் ஓட்டையைப் போட்டுவிட்டுத் தொப்பியால் மறைத்திருக்கிறான் என்று வாய்விட்டே ஏசினார். அந்தத் துளை எதற்கு இருந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஓலை வீட்டில் பிறந்த எங்களுக்கு, உள்ளிருக்கும் காற்று வெளியே போக ஒரு வழி வெட்டவேண்டும் என்று யார் சொல்லித் தந்தார்கள்? ஓலை வீடு தானாக மூச்சு விடும். நாங்கள் அதை ஒழுக்கு என்றுதான் அறிந்திருந்தோம்.

பலகை வெட்டி இறக்கி, திரி அடித்து, மூன்று தடவை குங்கிலியம் பூசினார். மறுபடி புகை போட்டார். வெளியே ஒரு நூல் புகைகூட வரவில்லை. இதைவிட இறுக்கமாகத் தன் ஆயுளில் எதையும் அடைத்ததில்லை என்று என்னிடம் சொன்னார். கதவைத் திறந்தபோது, அலுமாரிக்குள் அடைகிடந்த கோழி, முட்டைகளின்மேல் செத்துக் கிடந்தது. உம்மு குல்சூமுக்கு முகம் மாறிவிட்டது. நல்லதுக்கில்லை என்றா. புகை மூச்சடைத்திருக்கும், கோழிக்கு எழும்பிப் போகப் புத்தியில்லை என்று சனூன் அதை வேலிக்கு அப்பால் எறிந்தார். அது சரியான விளக்கமாகத்தான் எங்களுக்கும் பட்டது.

கார்த்திகையில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. தகப்பன் காங்கேசன்துறைப் பக்கம் தோணியில் போயிருந்தபடியால், சனூன்தான் காதில் பாங்கு சொன்னார். வெளியே மழை கொட்டியது, உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. நான் போய்ப் பார்த்தேன். பாய் காய்ந்திருந்தது, துணி காய்ந்திருந்தது, பிள்ளை ஏணையில் கிடந்து காலை உதைத்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. பகலில் மழை இல்லாத நேரமெல்லாம் கதவு திறந்தே கிடந்தது. பார்க்க வருகிறவர்களும் ஓயவில்லை.

பெயர் வைப்பதற்கு முதல்நாள் பின்னேரம் வாடைக்காற்று மூர்க்கமாக அடிக்கத் தொடங்கியது. பிள்ளை பெற்ற உடம்பில் குளிர் ஏறக்கூடாது என்று மருத்துவிச்சி றஹீமா தணற்சட்டி வைத்தா. எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வெளியே வைத்து நன்றாக ஊதிச் சிவந்த தணல், புகையே இல்லாத தணல். அந்த மனுசி நூறு வீட்டில் வைத்திருப்பா, ஒரு வீட்டிலும் ஒரு கேடு வந்ததில்லை. கட்டிலடியில் சட்டியைத் தள்ளிவிட்டு, கதவை உள்ளுக்கால் கொழுவும்படி சரீபாவிடம் சொல்லிவிட்டு, சோறு தின்ன ஓலை வீட்டுக்குப் போனா.

சனூன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி, வீட்டு மோட்டாரைச் சுற்றி வந்தார். பலகை இடுக்குகளைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். அடைப்பு ஒன்றும் அசையவில்லை. என்னைக் கண்டதும் கூப்பிட்டுக் காட்டினார். நானும் வேலியைக் கடந்து போய் மெச்சினேன். பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருந்தது. பிறகு நின்றது. நித்திரையாக்கும் என்றேன்.

அவர் கதவுப் பக்கத்துக் கண்ணாடியால் உள்ளே எட்டிப் பார்த்தார். இருட்டறை என்பதால் பகலிலும் விளக்கு ஏற்றியிருந்தது. அவர் பார்க்கப் பார்க்கச் சுடர் சுருங்கியது.

"காத்துக்கு அணையுது," என்றார். சொன்னவர் அப்படியே நின்றார். ஈரக் கை பலகையில் பதிந்திருந்தது.

"காத்து எங்கால?"

அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. முட்டியால் கண்ணாடியை உடைத்தார். மகளைக் கூப்பிட்டார். உள்ளே சத்தமில்லை. கதவைத் தள்ளினார். உள்ளே கொழுவி, வெளியே மழையில் ஊதிய பலகை, விளிம்பு முழுக்க அவர் ஒட்டிய சீலை. கதவு அசையவில்லை. உளியை எடுத்துவந்து சுவர்ப் பலகை இடுக்கில் கொடுத்து அடித்தார். பூட்டுக்கோ கொளுக்கிக்கோ அவர் பயப்படவில்லை, அவர் கையால் அடித்த திரிதான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றது. அந்த மனிதர் தன் வேலையைத் தானே வைதுகொண்டு அடித்ததை என்னால் மறக்க முடியாது. நான் ஓடிப்போய் என் வீட்டு இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்தேன். இருவருமாகச் சுவர்ப் பலகைகளைப் பெயர்த்தோம்.

சரீபாவை மழைக்குள் இழுத்துப் போட்டோம். சத்தி எடுத்து, முனகி, கண்ணைத் திறந்தா. சனூன் ஏணையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் கன்னம் இரண்டும் சிவந்து, உதடு சிவந்து, முந்திய நாளைவிட நலமாகத் தெரிந்தது. சத்தத்துக்கு ஓடிவந்த றஹீமா கையை உயர்த்தி அல்லாஹ்வைப் புகழ்ந்து, பிள்ளை நல்ல நித்திரை என்று சொல்லிவிட்டா. உம்மு குல்சூம்தான் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தா. பிடித்த கையை எடுக்கவே இல்லை.

மன்னாரிலிருந்து வந்த டொக்டர், தணலில் புகை இல்லாவிட்டாலும் மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும், பிள்ளையைக் கொன்றதும் அப்படிச் சிவக்கவைத்ததும் அதுதான் என்றார். கூரைத் தொப்பியைப் பார்த்து, இது காற்றுப் போகிற வழியல்லவா, யார் அடைத்தது என்று கேட்டார். ஊர் அதற்குப் பிறகுதான் ஜின்னைக் கண்டுபிடித்தது. சனூனின் மேல் உள்ள இரக்கத்தால்தான் அப்படிச் சொன்னார்கள், அது எனக்கும் விளங்கும். ஆனால் அவர் அந்த இரக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஜின் என்று தொடங்குகிறவரிடம், "இல்ல, நான்தான்," என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மழை விட்டதும் வீட்டு மோட்டாரில் ஏறி, அடித்த திரியையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். அடிக்க எடுத்த காலத்தைவிட அதற்கு அதிக காலம் எடுத்தது. அந்தத் துளையையும் திறந்துவிட்டார். பிறகு அது கழுதைகளுக்குத்தான். தோணி வேலையை அவர் விடவில்லை, வயிறு இருக்கிறதே. ஆனால் கள்ளன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. தோணிக்காரர் யாராவது சொன்னாலும் எழும்பிப் போய்விடுவார்.

சில வருஷங்களுக்குப் பிறகு சரீபாவுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. அதுவும் மாரிதான். ஓலை வீட்டில்தான். நான் பார்க்கப் போயிருந்த பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்து ஒரு சொட்டு, பிள்ளையின் பாய்க்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. முதல் இரண்டு பிள்ளைகளின் நினைவு வராமல் இருக்குமா? சனூன் மூலையில் இருந்தார். சரீபா மேலே பார்த்தா, பிறகு தகப்பனைப் பார்த்தா. அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவ சொன்னா.

"வாப்பா, கள்ளன் வந்திட்டான்."

சனூன் எழும்பினார். உளியைத்தான் தேடப்போகிறார் என்று நினைத்தேன். அடுப்படியிலிருந்து ஒரு சட்டியை எடுத்துவந்து சொட்டுக்கு நேரே வைத்தார். பாயை இழுத்துத் தள்ளிப் போட்டார்.

"வரட்டும் மகள்," என்றார்.

சட்டியில் சொட்டு விழுந்த சத்தத்துக்குப் பிள்ளை விழித்து வீரிட்டது. சரீபா அதைத் தூக்கப் போனா. அவர் கையைக் காட்டி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அது அழுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.