முன்சுவருக்கு மட்டும்

“காயறவரைக்கும் சன்னலத் திறந்துடாதீங்கலா அக்கா” என்றார் பெயிண்டர். வாடை மூக்கில் ஏறியது.

சின்ன வயதில், எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் அது சுண்ணாம்பு வாடை. பெரிய துரை வருகிறார் என்றால் முன்சுவருக்கு மட்டும் வெள்ளை அடிப்பார்கள். பின்பக்கப் பலகையைக் கரையான் தின்றுகொண்டிருக்கும். “சன்னலச் சாத்து! புள்ளைங்க தல வெளிய தெரியக் கூடாது!” என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அதட்டுவார். தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் வெந்துகொண்டிருப்போம். துரையின் கார் போகும்வரை அம்மா முனகுவாள்: “சுவத்தத்தான பாக்க வர்றான், நம்மளயா?”

இப்போது இருப்பது செனாவாங் டவுனில், மாமனார் கட்டிய பழைய வீடு. நாளைக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். “முன்னால மட்டும் அடிச்சாப் போதும்” என்று பெயிண்டரிடம் சொன்னதே நான்தான்.

“வேகுதும்மா, சன்னலத் திறக்கவா?” என்று மகள் சன்னல் கொக்கியில் கை வைத்தாள்.

“சாத்து!” என்றேன். மண்டோர் குரல் அப்படியே வந்தது.