பெருவிரலில் தொடங்கும் தூக்கம்

“...நினைக்காம என்ன டீச்சர், நல்லாத்தான் நினைச்சேன். ஆனா கால் பெருவிரல்னு நீங்க சொன்ன ஒடனே, அங்க அட்டை இருக்கான்னுல்ல மனசு தேடுது!”

புஷ்பம் அக்கா இப்படிச் சொன்னதும் கூடமே சிரித்தது. சிரித்த கையோடு, உட்கார்ந்திருந்த முப்பது பெண்களும் குனிந்து கால்விரல் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நானும் பார்த்தேன். வண்டிப்பெரியார் கடைத்தெருவில் தையல் மெஷின் மிதிக்கிறவளுக்கு ரத்தம் குடிக்கிற அட்டை எங்கிருந்து வரும்? ஆனாலும் பார்த்தேன்.

இது போன மாதம், ஊருக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்தது. நல்ல மழை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் க்ரச் கட்டிடத்தில் வகுப்பு — தூங்குவதற்கு முன் மனதை எப்படி அமைதிப்படுத்துவது? மைண்ட்ஃபுல்னெஸ் என்று போர்டு வைத்திருந்தார்கள். வகுப்பெடுத்தவர் கோகிலா. சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கவுன்சலர். சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதி. வாயைத் திறந்தால் அப்படியே கோயம்புத்தூர். எஸ்டேட் பெண்களின் பேச்சோ திருநெல்வேலியிலிருந்து மலையேறி வந்தது. இரண்டையும் ஒரே கூடத்தில் கேட்க எனக்குக் காது போதவில்லை.

நான் ஏன் போனேன்? தூக்கம் வராமல்தான். போனில் ஓர் ஆப் இறக்கி வைத்திருக்கிறேன். ‘உங்கள் பாதங்களைக் கவனியுங்கள்’ என்று ஒரு குரல் குழைவாகச் சொல்லும். நான் பாதத்தைக் கவனிப்பதற்குள், மறுநாள் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் வரிசையாக வந்து நின்றுவிடும்.

புஷ்பம் அக்காவின் கதை அப்படி இல்லை. அவருக்குத் தூக்கம் வந்தே ஆக வேண்டும்.

முழுப் பெயர் மரியபுஷ்பம். ரவிக்கை தைக்க என்னிடம்தான் வருவார். முப்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. “எல்லாம் மூடுபனிக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு, தங்கச்சி” என்பார் என்னிடம். இளங்கொழுந்து என்று நினைத்து முற்றின இலையைக் கிள்ளிப் போடுகிறார். சூப்பர்வைசர் இரண்டு தடவை எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டிவிட்டார். கண்ணைச் சரி செய்யாவிட்டால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். கணவர் காலமாகிவிட்டார். மகள் வாடகை வீட்டில், ஆறு பேரோடு. அக்கா எங்கே போவார்?

ஆபரேஷன் செய்துகொள்ளலாமே என்கிறீர்களா? இரண்டு முறை போனார். இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரஷர்! மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறார். ஆனால் தேதி நெருங்கினால் நாலைந்து நாள் பொட்டுத் தூக்கம் கிடையாது. “கண்ணுக்குள்ள கத்தி வைப்பாங்கல்ல... நினைச்சா எப்படித் தூக்கம் வரும்?”

மாத்திரையோடு தூக்கமும் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது முறையாகக் கொடுத்த ஆபரேஷன் தேதிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்த அட்டைப் பேச்சு. வேறு யாராவது என்றால், “அட்டையை மறந்துட்டு மூச்சைக் கவனிங்க” என்றிருப்பார்கள். கோகிலா எழுந்து வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்தார்.

“ஏனுங்கக்கா, கண்ணு மங்கலுங்கறீங்க. அப்புறம் அட்டையை எப்புடிக் கண்டுபுடிக்கிறீங்க?”

“கண்ணால எங்க பாக்க? வேலை முடிஞ்சு வந்து வாசப்படில உக்காருவேன். கண்ணை மூடிக்கிட்டு, ஒவ்வொரு விரலா மனசாலயே தொட்டுட்டு வருவேன்.”

“கடிச்சா வலிக்குமுங்களா?”

“வலிக்காது டீச்சர். அதுதானே அட்டையோட சாமர்த்தியம்! லேசா ஒரு குளுமை இருக்கும். ஈரமா ஒண்ணு நகரும். அம்புட்டுத்தான். அவசரப்பட்டா தெரியாது. பெருவிரல், அடுத்த விரல், இடுக்கு, கரண்டை, முழங்காலுக்குப் பின்னாடி... நிதானமாப் போகணும். ஒண்ணும் இல்லன்னா ‘இல்ல’ம்பேன். அடுத்ததுக்குப் போவேன்.”

கோகிலா கையிலிருந்த குறிப்புக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

“அக்கா, நான் ரெண்டு வருசம் படிச்சுப் போட்டு உங்களுக்குச் சொல்லிக் குடுக்க வந்ததே இதைத்தானுங்க! வாசப்படீல பண்றதை அப்படியே படுக்கையில பண்ணுங்க. தேடறக்கு அட்டை வேண்டாங்க. ஒவ்வொரு எடமா சும்மா விசாரிச்சுட்டு வந்தாப் போதுமுங்க.”

“அட்டையில்லாம யாரை விசாரிக்க?” என்றது பின்வரிசை.

“உன் மாமியாளை விசாரி!” என்றது அதற்கும் பின்வரிசை.

மறுபடியும் சிரிப்பு. நான் மட்டும் கோகிலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்ததை மடித்து வைக்கத் தெரிந்த வாத்தியாரை எத்தனை தடவை பார்த்திருப்போம்? அப்புறம் புஷ்பம் அக்காவைப் பார்த்தேன். நாமெல்லாம் நம் உடம்பை எப்போது விசாரிக்கிறோம்? வலித்தால் மட்டும். வலிக்காத முழங்காலிடம் யாராவது நலம் கேட்டிருக்கிறோமா? இந்தப் பெண்கள் மழைக்காலம் பூராவும் தினமும் கேட்கிறார்கள். இதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருக்கிறதென்று தெரியாமலே.

அன்று இரவு நானும் முயன்றேன். முழங்கால் வரை போனது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் விடிந்துவிட்டது. (மறுநாள் தோள்பட்டை வரை போயும் வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா?)

ஒரு வாரம் கழித்து அக்கா கடைக்கு வந்தார். எங்கள் பக்கம் நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை ‘பைஸ்டாண்டர்’ என்போம். நான் வர முடியுமா என்று கேட்க வந்திருந்தார். தூக்கம் எப்படி என்றேன்.

“மொத நாலு நாள் வரல. பாதி வழியில கத்தி ஞாபகம் வந்துரும். திரும்பவும் பெருவிரலுக்கு வருவேன். அஞ்சாம் நாள் இடுப்பைத் தாண்டல, தூங்கிட்டேன்.”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “அப்போ கவலையும் ஓர் அட்டைதான், இல்லக்கா?” என்றேன், பெரிதாகக் கண்டுபிடித்தவள் மாதிரி.

“அதெல்லாம் கேக்குறதுக்கு நல்லாருக்கும் தங்கச்சி. அட்டைன்னா உப்பைத் தடவினா விழுந்துரும். கவலைக்கு எதைத் தடவ? அது பாட்டுக்கு அது இருக்கட்டும்னு விட்டுட்டு, நான் பாட்டுக்கு அடுத்த விரலுக்குப் போயிருவேன்.”

ரவிக்கைத் துணியின் ஓரத்தில் சாக்பீஸால் இதை எழுதி வைத்துக்கொண்டேன். ஆப்பில் வரும் அந்தக் குழைவுக் குரல் ஒரு மாதமாகச் சொல்ல முயன்றது இதைத்தானே...

ஆபரேஷன் நாள். குமுளி வழியாக மலை இறங்கி, கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் பிரஷர் பார்த்தார். முகம் சுருங்கியது.

“கூடுதலா இருக்கேம்மா. பஸ்ல வந்த அலுப்பாக்கூட இருக்கும். அரை மணி நேரம் உட்காருங்க. அப்பவும் இப்படியே இருந்தா டாக்டர் இன்னைக்குப் பண்ண மாட்டார்.”

மூன்றாவது முறையும் இல்லையென்றால் சூப்பர்வைசர் இன்னும் எத்தனை நாள் பொறுப்பார்? ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று திரும்பினேன். அக்கா செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. இல்ல... இல்ல... இல்ல...

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் அவ்வளவு நீளமா?

“மரியபுஷ்பம்!” நர்ஸ் வந்தார். “மரியபுஷ்பம்!” பதிலாகக் குறட்டை வந்தது.

நர்ஸ் சிரித்துக்கொண்டே, எழுப்பாமலே கையில் பட்டையைச் சுற்றினார். காற்று ஏறியது, இறங்கியது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். “இன்னைக்கு ஆபரேஷன் உண்டு.” நான் அந்தோணியாரைக் கூப்பிட்டேன். மாரியம்மனையும்தான்.

நர்ஸ் மெல்ல அக்காவின் தோளைத் தட்டினார்.

“முடிஞ்சிருச்சா?” என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

“எதும்மா?”

“ஆபரேஷன்.”

“இனிமேதான்மா! உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க.”

“அப்படியா... சரி, அவங்க மெதுவா முடிச்சிட்டு வரட்டும்” என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்திருந்த தலையை எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தூங்கத் தொடங்கினார்.