ஆறு வருடமாக என் வீட்டில் வசிக்கும் அத்தான்

என் அக்கா கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊரார் கட்டடங்களில் ஏறி இறங்கிவிட்டு, மாலையில் கையில் ஒட்டிய கிரீஸைக் கழுவியதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். விளையாட்டுப் பைத்தியம். சொன்ன விலைக்கு எதையும் வாங்காத பைத்தியம் அதைவிடப் பெரிது.

விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை நாட்டுக்கு நாடு வேறு விலை வைத்திருப்பதை அவர் கண்டுபிடித்த அன்றே எனக்குப் போன் வந்தது. நான் வேலை பார்க்கும் நாட்டில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு விலைதான்.

"மச்சான், உன் அட்ரஸையும் கார்டையும் குடு. நான் அங்கதான் குடியிருக்கேன்னு போட்டுக்கறேன்."

"மாட்டிக்கிட்டா?"

"யாரு வந்து கதவத் தட்டப் போறா?"

கொடுத்துத் தொலைத்தேன். அத்தானிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

ஆறு வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் விளையாட்டுகள் சேர்ந்தன. பாதியை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனம் வைத்து விளையாடியது ஒன்றே ஒன்று, நகரம் கட்டுகிற விளையாட்டு. அவரும் மகளும் ஒரே மேசையில் தோளோடு தோள் உட்கார்ந்து நான்கு வருடமாகக் கட்டினார்கள். துறைமுகம் அவள் பொறுப்பு, ரயில் இவர் பொறுப்பு. பதின்ம வயதில் பெண்கள் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசுவதே பெரிது. இவளோ தண்டவாளம் எங்கே வளைய வேண்டும் என்று மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்பாள்.

போன வருடம் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போனாள். சொந்த லேப்டாப், கடையில் நம் நாட்டு முகவரியிலேயே சொந்தக் கணக்கு. அந்த விளையாட்டோ எப்போதோ விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எந்த நாட்டிலும், எந்த விலைக்கும் கிடைக்காது. இருவரையும் ஒரே குடும்பமாகப் பதிந்தால் மட்டும் அப்பாவிடம் இருப்பதை வைத்தே சேர்ந்து விளையாடலாம். அத்தான் பதியப் போனார். ஒரே நாட்டில் வசிப்பவர்கள்தான் ஒரே குடும்பம் என்று கடை கையை விரித்துவிட்டது.

சரி, நாட்டை மாற்றுவோம் என்று எழுதிப் போட்டார். இத்தனை காலம் அங்கே வசித்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். தந்த விவரம் பொய்யென்றால் கணக்கு மூடப்படும் என்று கீழே ஒரு வரி. மூடினால் நகரமும் அதோடு போய்விடும். மனுஷன் உண்மையைச் சொல்லவும் வழியில்லாமல், பொய்யை நிரூபிக்கவும் வழியில்லாமல் வசமாக மாட்டிக்கொண்டார்.

"நான் உன்கூடத்தான் இருந்தேன்னு ஒரு லெட்டர் குடேன் மச்சான்" என்றார் போனில்.

அக்கா போனைப் பிடுங்கினாள். "ஆறு வருஷமா உன் வீட்லதான் இருக்காராமே. ஒரு நாளாவது பாத்திரம் கழுவினாரா?"

சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் அத்தான் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. கார்டு என்னுடையதல்லவா?

கடைசியில் தன் பாஸ்வேர்டையே மகளிடம் கொடுத்தார். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம். அவள் உள்ளே வந்தால் இவரை வெளியே தள்ளிவிடும்.

விடுமுறைக்கு நான் அக்கா வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, ஹார்பர பெருசாக்கிட்டேன். பக்கத்துல ஒரு ஸ்டேஷன் வேணும். எப்ப வர்றீங்க?"

அத்தான் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ வெளிய போனதும் வரேம்மா."