சோஸ் போத்தலுக்குள் பீட்ரூட்

"அம்மா, இதுல என்ன இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டால் இருப்பதையெல்லாம் சொல்லிவிட வேண்டுமா? எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

நான் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர் தோட்ட ஆபிசில் கிளார்க். மகளுக்கு நாலரை வயது. என் வகுப்புச் சுவரில் கரட்டும் போஞ்சியும் கோவாவும் கைகோத்துச் சிரிக்கிற மரக்கறிப் படம் ஒன்று இருக்கிறது. நானே வரைந்தது. அவற்றில் எதுவும் என் வீட்டில் தட்டிலிருந்து வாய்க்குப் போனதில்லை. மகள் ரொட்டி, முட்டை, நூடில்ஸ் மட்டும் சாப்பிடுவாள். மூன்றுக்கும் தக்காளி சோஸ் வேண்டும். அப்பாவைப் பார்த்துப் பழகியது. மரக்கறி என்பது வேறு ஆட்களின் சாப்பாடு என்பது அவர் எண்ணம்.

கிளினிக்கில் மிட்வைஃப் மகளின் நிறை அட்டையை என் பக்கம் திருப்பினார்.

"கோடு ஏறாம படுத்திருச்சே டீச்சர். மரக்கறி குடுக்கிறீங்கதானே?"

"குடுக்கிறேன் மிஸ்."

கொடுப்பது உண்மை. சாப்பிடுவதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அன்றே பசறை டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது பீட்ரூட் வாங்கினேன். சனிக்கிழமை, கணவர் ஆபிசுக்குப் போய், மகள் பகல் தூக்கம் தூங்கியதும், பீட்ரூட், கரட், ஒரு துண்டு பூசணி மூன்றையும் அவித்து அரைத்தேன். வினாகிரியும் சீனியும் உப்பும் போட்டுக் காய்ச்சி, பாதி காலியான சோஸ் போத்தலில் ஊற்றிக் குலுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன். தோலைப் பேப்பரில் சுற்றி வாழையடியில் புதைத்தேன். அது தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மகள் ரொட்டியை அதில் தொட்டுச் சாப்பிட்டாள். "இன்னும் ஊத்துங்கம்மா." அவரும் ஊற்றிக்கொண்டு, "இந்த வாட்டி சோஸ் நல்ல கட்டியா இருக்கு, இதே கடையில வாங்கு" என்றார். சரிங்க என்றேன்.

அடுத்த மாதம் அட்டையில் கோடு கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தது. மரக்கறியாலா, நான் போட்ட சீனியாலா என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்துவிட்டு பீட்ரூட்டைக் கூட்டினேன். இன்னும் சில கிழமைகளில் அந்தப் போத்தலில் சோஸ் என்று சொல்ல மூடி மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை கழிவறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா! எனக்கு சிவப்பா வருது!"

அவர் எட்டிப் பார்த்தார். நிறம் மாறிய முகத்தோடு திரும்பி வந்து, "கெளம்பு, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

பீட்ரூட்டாக இருக்கலாம் என்று அந்த நிமிடமே நினைத்தேன். ஆனால் பீட்ரூட் என்று நான் சொல்லி, அவரும் நம்பி வீட்டிலேயே இருந்து, அது பீட்ரூட்டாக இல்லாமல் போனால்? சொல்லாமல் பையை எடுத்தேன். கழுவிய மருந்துப் போத்தலில் சிறுநீர் மாதிரியை எடுத்து, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு வளைவிலும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார் அவர்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு பீட்ரூட் ஏதும் குடுத்தனீங்களோ?"

"எங்க வீட்டுல அத வாங்குறதே இல்லைங்க" என்றார் கணவர்.

"எனக்கு பீட்ரூட்னா வாந்தி வரும்" என்றாள் மகள், பெருமையாக.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். சொன்னால் சோஸ் போய்விடும், சோஸ் போனால் கோடு மறுபடியும் படுத்துவிடும். அவ்வளவுதான் என் கணக்கு.

"அப்ப ரத்தம் எடுத்துப் பாப்பம்" என்றார்.

நர்ஸ் வந்து மகளின் கையில் ரப்பர் பட்டியைக் கட்டினார். கை போஞ்சி மொத்தம்தான் இருந்தது. மகள் அழவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா, வலிக்குமா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னாலும் நம்புகிற முகம்.

"டொக்டர், சோஸ்ல பீட்ரூட் இருக்கு" என்றேன். "கரட்டும் இருக்கு. பூசணியும்."

நர்ஸ் பட்டியை அவிழ்த்தார். டொக்டர் ஒரு சோதனைப் பட்டியைப் போத்தலில் தோய்த்துப் பார்த்தார். "ரத்தமில்லை. பயப்பிடாதேங்கோ. பீட்ரூட் திண்டா சில பேருக்கு இப்பிடிப் போகும்."

கணவர் தொண்டையைச் செருமினார்.

"பெரிய ஆளுங்களுக்கும் போகுமா டொக்டர்?"

பிறகுதான் தெரிந்தது, அவருக்கும் ஐந்து நாளாகச் சிவப்பாகத்தான் போயிருக்கிறது. நாங்கள் பயப்படுவோம் என்று சொல்லாமல், கதிர்காமம் கோயிலுக்கு நடந்தே வருவதாக முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார்.

"காரணம் தெரிஞ்சிருச்சே, இனி நடக்கணுமா?" என்று திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

"வச்சது வச்சதுதான். நீயும் நட" என்றார்.

மகள் எங்களுக்கு நடுவில் இருந்தாள். பசறை வந்ததும், "நூடில்ஸ்ல ஊத்துனதுலயுமா?" என்றாள். ஆமாம் என்றேன். "முட்டைலயுமா?" ஆமாம்.

இது நடந்து ஐந்து கிழமை. இப்போது அவள் வெள்ளைச் சோறும், தானே ஓடு உரித்த அவித்த முட்டையும்தான் சாப்பிடுகிறாள். ஓட்டுக்குள் நான் எதையும் போட முடியாது என்று கண்டுபிடித்துவிட்டாள். கடையில் புது சோஸ் வாங்கி அவள் கண்முன்னே திறந்தேன். "கடக்காரங்க உள்ள என்ன போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது.

போன சனிக்கிழமை அவளையே பக்கத்தில் வைத்து பீட்ரூட் சோஸ் காய்ச்சினேன். துண்டுகளைப் போட்டாள், கிண்டினாள், உப்புப் போட்டாள். அப்பாவின் ரொட்டியில் தன் கையாலேயே ஊற்றி, முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். அடுத்த நாள் காலை கழிவறைக் கதவுக்கு வெளியே காத்திருந்து, "என்ன கலர்?" என்று கேட்டாள். அவள் ஒரு சொட்டும் தொடவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக். கோடு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைவிட, தட்டை வைக்கும்போது அவள் தட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒரு பிள்ளை மறுபடியும் நம்பிச் சாப்பிட எத்தனை நாள் ஆகும், அதுவரை அம்மா என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த தாய்மார் தயவுசெய்து எழுதுங்கள். ஒளித்துக் கொடுக்கும் முறைகள் வேண்டாம். அவை எனக்குத் தெரியும்.